தெர்மோஸ்டாட் 32 காட்டுகிறது, பாம்பின் வயிற்றில் கொப்புளம்: தொட்டிச் சூட்டில் கண்ட கோளாறுகள்

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் பாம்பின் வயிற்றுச் செதில் சிவந்தோ கொப்புளம் கட்டியோ இருந்தால் முதலில் தேட வேண்டியது, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் முனையைத்தான். தொட்டி எவ்வளவு சூடு என்று தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியாது. அந்த முனை கிடக்கும் இடத்தின் சூடு மட்டுமே தெரியும். பாம்பு முட்டி முட்டி முனையை ஹீட் மேட்டை (தொட்டிக்கு அடியில் ஒட்டும் மின்சூட்டு விரிப்பு) விட்டு ஒரு சாண் நகர்த்திவிட்டால் அங்கே 25 டிகிரிதான் இருக்கும். சூடு போதவில்லை என்று நினைத்து தெர்மோஸ்டாட் மேட்டை அணைக்காமலே வைத்திருக்கும். மேட்டுக்கு மேலுள்ள கண்ணாடி 45 டிகிரிக்கும் மேலே போய்விடும். முனை நனைந்தாலும் இதே ஆபத்துதான். ஈரம் ஆவியாகும்போது முனை குளிர்ந்து, சூட்டைக் குறைத்துக் காட்டும்.

அடியில் ஒட்டும் மேட் என்றால் முனையை வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வையுங்கள். பாம்பு அதை அசைக்க முடியாது. ஆனால் உள்ளே கண்ணாடி சில டிகிரி குறைவாக இருக்கும். அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் உள்பக்கத்து வெறும் கண்ணாடியை அளந்து, அங்கே பாம்புக்கு வேண்டிய சூடு (பால் பைத்தான், அதாவது ball python என்ற மலைப்பாம்பு வகைக்கு 32) வரும்வரை தெர்மோஸ்டாட்டை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரமாவது பொறுத்து அளக்க வேண்டும். புதுத் தொட்டியை இரண்டு நாள் வெறுமையாக ஓடவிட்ட பிறகே பாம்பை விடுவது நல்லது.

முனையை உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் சிலிக்கோன் பசையால் ஒட்டி, வாடை முழுக்கப் போகும்வரை காயவிடுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் கழன்று செதிலில் ஒட்டிக்கொண்டால், பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வரும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் சமையல் எண்ணெயில் ஊறவைத்து, தலையிலிருந்து வால் பக்கமாக மெதுவாக எடுங்கள்.

* * *

முனை சரியான இடத்தில் இருந்தும் சூடு கூடுவதற்கு இன்னொரு காரணம், தரையில் போடும் மரச்சீவலின் கனம். ஐந்து, ஆறு சென்டிமீட்டர் போட்டால் மேலே கை வைக்கும்போது குளிர்ச்சியாக இருக்கும். உடனே தெர்மோஸ்டாட்டை ஏற்றிவிடுகிறார்கள். பாம்போ சீவலைத் தோண்டிக்கொண்டு போய்க் கண்ணாடி மேலேயே படுத்துக்கொள்ளும். அடியிலிருந்து வரும் சூடு சுடுகிறது என்று பாம்பு சட்டென்று விலகுவதில்லை, வெந்துகொண்டே படுத்திருக்கும். அதனால் அளக்க வேண்டியது சீவலின் மேற்பரப்பை அல்ல, அடிக்கண்ணாடியை. மேட்டுக்கு மேல் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் சீவல் போதும். மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. தொட்டியின் நான்கு மூலைக்கும் ரப்பர் கால் வைத்து அடியில் காற்றோட்டம் விடுங்கள். சூடு தேங்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

மரப் பெட்டிக்கு அடியில் மேட் ஒட்டுவது வீண். மரம் சூட்டை உள்ளே விடாது, மேட்தான் அளவுக்கு மீறிக் காயும்.

* * *

"பால் பைத்தான் எந்நேரமும் குளிர்ந்த பக்கமே கிடக்கிறது, சூட்டைக் குறைக்கலாமா?" என்ற கேள்விக்கு: முதலில் பதுங்கிடங்களைப் பாருங்கள். குளிர்ந்த பக்கத்தில் இறுக்கமான பதுங்கிடமும் சூடான பக்கத்தில் திறந்த வெளியும் இருந்தால், பாம்பு சூட்டைக் கைவிட்டுப் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். உடம்பு சுருண்டு உள்சுவரைத் தொடும் அளவுக்குச் சின்னதாக, ஒரே மாதிரிப் பதுங்கிடம் இரண்டு பக்கமும் வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு வாரம் சூடான பக்கம் போகவில்லை என்றால்தான் அளவைச் சந்தேகிக்க வேண்டும்.

பால் பைத்தானுக்குச் சூடான இடம் 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்கு 29 முதல் 31, மறுபக்கம் 22 முதல் 25. நீளத் தொட்டியில் இந்த வித்தியாசம் தானாகக் கிடைக்கும். சின்னத் தொட்டியில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும், பாம்புக்குப் போக்கிடம் இருக்காது.

* * *

மேட் தரையைச் சூடாக்கும், காற்றை அல்ல. அறை குளிர்ந்து காற்று 24-க்குக் கீழே இறங்கினால், பால் பைத்தானுக்கு மேலிருந்து சூடு தேவை. செராமிக் ஹீட்டர் (வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தருவது) வைப்பவர்கள் மூன்றைக் கவனியுங்கள். ஹோல்டர் பீங்கானாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகும். ஹீட்டரைச் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாயம். அதன் முகப்பு 200 டிகிரியைத் தாண்டும், பாம்பு ஏறிச் சுற்றிக்கொள்ளும். அடுத்தது ஈரப்பதம்: மேல்வலை வழியே ஈரம் முழுக்கப் போய்விடும். வலையில் பாதிக்கு மேல் அலுமினியத் தாளால் மூடி, ஹீட்டரைச் சுற்றி மட்டும் திறந்துவிட்டால் 55 முதல் 65 சதவீதம் நிற்கும்.

தெர்மோஸ்டாட் வகையும் பொருந்த வேண்டும். மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை போதும். செராமிக்குக்குப் பல்ஸ் வகை (மின்சாரத்தைத் துண்டு துண்டாக விடுவது). வெளிச்சம் தரும் பல்புக்கு டிம்மர் வகைதான் (மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைப்பது), மற்றது பல்பை அணைத்து அணைத்து எரித்துச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

* * *

ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டின் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) தேய்ந்து, ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. திரையில் 38 என்று காட்டும், ஆனாலும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு நல்ல காவல் இரண்டாவது தெர்மோஸ்டாட். சுவர் பிளக்குக்கும் முதல் தெர்மோஸ்டாட்டுக்கும் இடையில் அதைச் செருகி, மூன்று டிகிரி கூட்டி வையுங்கள். அதன் முனையும் முதல் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அளவைச் சரிபார்க்க, கண்ணாடியில் ஒட்டும் வட்ட டயல் மீட்டரை நம்பாதீர்கள். அகச்சிவப்புத் தெர்மாமீட்டரைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பிடித்தால், அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். மூடியைத் திறந்து அளக்க வேண்டும்.

* * *

கோடையில் அறையே 34-ஐத் தாண்டும்போது மேட்டை அணைத்தால் மட்டும் போதாது. உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மேல்வலையின் ஒரு ஓரத்தில் வையுங்கள், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். மின்விசிறியை நேராகத் தொட்டிக்குள் திருப்ப வேண்டாம். பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தால் பெரும்பாலும் சூடு அதிகம், இல்லையென்றால் உடம்பில் உண்ணி இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

குளிரில் மின்சாரம் நின்றால் தொட்டியைப் போர்வையால் மூடி, காற்றுக்குச் சிறிது இடம் விடுங்கள். அப்போது இரை கொடுக்க வேண்டாம். சூடு இல்லாமல் வயிற்றில் இருக்கும் எலி செரிக்காது, அழுகும், பாம்பு கக்கிவிடும். கக்கினால் சூட்டைச் சரிசெய்து, குறைந்தது பத்து நாள் விட்டு, வழக்கத்தில் பாதி அளவு இரையோடு தொடங்குங்கள். வாய் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை தெரிந்தாலோ காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.