மூன்று வருடம்கூட ஆகாத வண்டியில் துரு: வாரண்டியை நம்புவதா, உடனே கை வைப்பதா?

தகட்டுக்கை:
குடும்ப வண்டி வாங்கி இரண்டு மூன்று வருடத்தில் பானட் முனையில் பழுப்புப் புள்ளி, கதவின் அடி விளிம்பில் சின்னக் கொப்புளம், அடியில் சப்ஃபிரேம் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டம்) வெல்டிங் ஓரத்தில் செம்பழுப்பு. இப்படி யார் கேட்டாலும் "வாரண்டி இருக்கிறது, விடுங்கள்" என்ற பதில்தான் முதலில் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

நீண்ட கால வாரண்டி பெரும்பாலும் தகடு உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுவதற்குத்தான். கல்லடி பட்ட புள்ளியும் மேல்துருவும் அதில் வராது. பெயின்ட் அடுக்கு மொத்தமே 100 முதல் 150 மைக்ரான், அதாவது ஒரு தாளின் தடிமன் அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்கு அடியில் துத்தநாகப் பூச்சு 7 முதல் 10 மைக்ரான். கல்லடி பட்ட இடத்தில் துத்தநாகம் தன்னைக் கொடுத்துக் கொஞ்ச காலம் இரும்பைக் காக்கும். அது தீர்ந்த பிறகு துரு பெயின்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்துகொண்டே போகும். 2 மில்லிமீட்டர் புள்ளியாக இருக்கும்போது அரை மணி நேர வேலை. ஒரு மழைக்காலம் தாண்டினால் பானட் முழுக்கப் பெயின்ட் அடிக்கும் வேலையாகிவிடக்கூடும்.

செய்முறை இதுதான். பென்சில் பின்புற ரப்பரில் 320 நம்பர் உப்புத்தாளை வட்டமாக வெட்டி ஒட்டி, புள்ளிக்குள் மட்டும் திருகித் தேயுங்கள். இரும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, எபாக்ஸி பிரைமரைத் தீக்குச்சி முனையால் வையுங்கள். அது இறுகியதும் நிறம், மெல்லிய மூன்று நான்கு பூச்சு. ஒரே சொட்டில் நிரப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும், பிறகு அப்படியே பெயர்ந்து வரும். கடைசியில் கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு.

ஆவணம் முதலில்:
கல்லடிப் புள்ளி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கதவு விளிம்புக் கொப்புளத்தையும் அதே கணக்கில் சேர்த்தீர்களே, அதைத்தான் நான் ஏற்கவில்லை.

கதவின் வெளித்தகடு அடியில் உள்தகட்டைச் சுற்றி மடிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் முக்கும் மின்பூச்சு அந்த மடிப்பின் ஆழத்துக்குச் சரியாகப் போகாது. அதனால்தான் ஓரத்தில் சீலர் போடுகிறார்கள். சீலரில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் நீர் உள்ளே புகுந்து தங்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது துரு மடிப்புக்குள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. இது உள்ளிருந்து வெளியே வரும் அரிப்பு. வாரண்டி பேச வேண்டிய இடமே இதுதான். இதில் உப்புத்தாள் வைத்தால் ஆதாரத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். "வெளியார் வேலை செய்திருக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் காத்திருக்கச் சொல்லவில்லை. பதிவு செய்யச் சொல்கிறேன். அளவுகோலை அருகில் வைத்து ஒரு படம், முழுக் கதவும் தெரிய ஒரு படம், ஓடிய கிலோமீட்டர் தெரிய ஒரு படம். சர்வீஸ் ஜாப் கார்டில் எழுத்தில் ஏற வேண்டும், வாய்ச்சொல் கணக்கில் வராது. பெயின்ட், மேல்துரு இவற்றுக்கான காலம் ஓட்டைக்கான காலத்தைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம், ஆகவே தாமதித்தால் நட்டம் உங்களுக்கு. சில கையேடுகளில் குறிப்பிட்ட இடைவெளியில் பாடி பரிசோதனை நடந்து முத்திரை விழ வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். அதைப் படித்துவிட்டு உப்புத்தாளை எடுங்கள்.

பட்டறை மேசை:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எது கவலைப்பட வேண்டிய துரு, எது இல்லை என்று முதலில் பிரிக்க வேண்டும்.

பிரேக் டிஸ்க் மேல் காலையில் தெரியும் ஆரஞ்சு நிறம் நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பிரும்பு நக்கிள், சைலன்சர் குழாய் இணையும் ஃபிளாஞ்ச், போல்ட் தலை இவையெல்லாம் துருப்பிடிக்கத்தான் செய்யும், தடிமன் இருப்பதால் பயமில்லை. வெள்ளை வண்டியில் உடம்பெங்கும் மணல் தூவியதுபோல ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தால் அநேகமாகத் தகடு துருப்பிடிக்கவில்லை. பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறக்கும் இரும்புத் தூள் கிளியரில் ஒட்டிக்கொண்டது. இரும்புத் தூள் நீக்கும் திரவத்தை அடித்தால் ஊதா நிறமாகக் கரைந்து ஒழுகும். உப்புத்தாள் போட்டால் நல்ல பெயின்டைக் கெடுப்பீர்கள். பானட்டோ டிக்கியோ அலுமினியமாக இருந்தால் கொப்புளத்துக்குள் வெள்ளைப் பொடி இருக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாது. அதற்கு வைத்தியமே வேறு.

சப்ஃபிரேம் வெல்டிங் ஓரத்துத் துருவும் உடனே பயப்பட வேண்டிய வகை இல்லை. வெல்டிங் மேல் கண்ணாடி மாதிரி கசடு தங்கும், அதன்மேல் பூச்சு பிடிக்காது, முதலில் பெயர்வது அங்கேதான். சப்ஃபிரேம் இரும்பு 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், கதவுத் தகடு 0.7 மில்லிமீட்டர் அளவுதான். இரண்டில் எது அவசரம் என்று நீங்களே பாருங்கள்.

என் கருத்து: புது வண்டியிலேயே அடிப்பகுதி முழுக்க ரப்பர் கோட்டிங் அடித்துவிட்டால் இந்தப் பேச்சே வராது.

துத்தநாகம்:
கடைசி வரியைத் தவிர எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடைசி வரிதான் பல வண்டிகளைக் கெடுக்கிறது.

ரப்பர் அல்லது தார் கோட்டிங் இறுகிய பிறகு ஓரங்களில் சுருங்கி விரிசல் விடும். விரிசல் வழியாகப் போகும் நீர் கோட்டிங்குக்கும் இரும்புக்கும் நடுவில் தங்கும், காற்றில் உலர வழியே இல்லை. வெளியிலிருந்து கறுப்பாக அழகாகத் தெரியும். உள்ளே செதில் செதிலாகப் போய்க்கொண்டிருக்கும். அதைவிட மோசம், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவப் பகுதியான 'சில்'லில் இருக்கும் வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள்.

உப்பு இருக்கும் இடத்தில் இது இன்னும் கொடியது. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். பனி உருக்கச் சாலையில் போடும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். வண்டி கண்ணுக்கு உலர்ந்து தெரியும், இடுக்கில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். அந்த உப்பின் மேல் கோட்டிங் அடித்தால் அதைப் பத்திரமாக மூடி வைத்ததாகிவிடும்.

இறுகாத மெழுகு அல்லது கம்பளிக் கொழுப்பு வகை எண்ணெய்தான் சரி. அது இடுக்குக்குள் ஊர்ந்து போகும், கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும், அடியில் துரு வந்தால் துடைத்துப் பார்க்கலாம்.

பட்டறை மேசை:
எண்ணெய் வீல் ஆர்ச்சில் எத்தனை நாள் நிற்கும் சார்? டயர் அடிக்கும் தண்ணீரிலும் கல்லிலும் ஒரு பருவத்துக்குள் கழுவிக்கொண்டு போய்விடும். வருடா வருடம் மறுபடி அடிக்க வேண்டும், அதை எத்தனை பேர் செய்வார்கள்? எண்ணெய் ரப்பர் புஷ்ஷில் பட்டு ஊதிப்போவதையும் சொல்ல வேண்டும். விரிசல் விட்ட கோட்டிங் என்று நீங்கள் சொல்வது ஈரத்தின் மேலும் மண்ணின் மேலும் அடித்த கோட்டிங். சுத்தம் செய்து, முழுக்க உலர்த்தி, நல்ல பெயின்டின் மேல் அடித்தது அப்படிப் பெயராது.

துத்தநாகம்:
கல் நேராக அடிக்கும் இடத்தில், அதாவது வீல் ஆர்ச்சிலும் சில்லின் வெளிப்பக்கக் கீழ்ப்பாதியிலும், வளையும் தன்மையுள்ள கல்லடிப் பூச்சு வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் துரு இல்லாத பெயின்டின் மேல், லேசாக உரசி ஒட்டுதல் கொடுத்த பிறகு. மடிப்பு, இணைப்பு, பெட்டி வடிவ உட்குழி இங்கெல்லாம் மெழுகு. இரண்டையும் ஒரே பொருளால் முடிக்கப் பார்ப்பதுதான் தவறு.

உட்குழிக்கு அடிக்கும்போது சில எச்சரிக்கைகள். சுற்றிலும் பீய்ச்சும் நாஸிலுடன் நீண்ட குழாயை ஏற்கெனவே இருக்கும் ரப்பர் மூடித் துளைகள் வழியாகவே விடுங்கள், புதிதாக டிரில் போடாதீர்கள். போட்டால் புதுத் துருவுக்கு வாசல் திறந்தாயிற்று, வாரண்டிக்கும் மறுப்புக் காரணம் கொடுத்தாயிற்று. கதவுக்கு அடிக்கும்போது கண்ணாடியை மேலே ஏற்றி வையுங்கள். நடுத்தூணுக்குள் சீட் பெல்ட் சுருளும் பொறி இருக்கும், அங்கே அடிக்கவே கூடாது. பிரேக் டிஸ்க், சைலன்சர், சென்சார், ஒயர் கனெக்டர், பெல்ட் இவற்றை மூடிவிட்டு அடியுங்கள். மின்வண்டி என்றால் ஆரஞ்சு நிறக் கேபிளுக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் பக்கத்தில் போகாதீர்கள். அடித்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து வடிகால் துளைகளில் பிளாஸ்டிக் டையை விட்டுத் திறந்துவிடுங்கள். இரும்புக் கம்பி விட்டால் துளையின் விளிம்புப் பெயின்ட் போய்விடும்.

தகட்டுக்கை:
சப்ஃபிரேமில் துரு ஏற்கெனவே வந்துவிட்டதே, அதன்மேல் மெழுகு மட்டும் போதுமா? ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மாற்றிப் படலமாக்கும் திரவம்) தடவி, அது கறுத்ததும் ஜிங்க், அதாவது துத்தநாக ஸ்ப்ரே, மேலே கறுப்புப் பெயின்ட். அதுதான் எளிதான வழி.

துத்தநாகம்:
அந்த வரிசையில் ஒன்று இன்னொன்றைக் கொன்றுவிடுகிறது. கன்வெர்ட்டரில் உள்ள டேனிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ துருவோடு சேர்ந்து டேனேட்டாக, பாஸ்பேட்டாக மாறிப் படலமாகிறது. ஜிங்க் பிரைமர் வேலை செய்ய வேண்டுமானால் துத்தநாகத் துகள் வெறும் இரும்பை நேரடியாகத் தொட வேண்டும், மின்தொடர்பு வேண்டும். நடுவில் கன்வெர்ட்டர் படலம் இருந்தால் அது வெறும் சாம்பல் நிறப் பெயின்ட்தான். ஜிங்க் பூசிய தகட்டில் கன்வெர்ட்டர் வழிந்தால் சுற்றியுள்ள நல்ல துத்தநாகத்தை அமிலம் கரைத்துவிடும்.

ஆகவே ஒன்று: தேய்க்க முடிந்த இடத்தில் 80 நம்பரில் தொடங்கி 180 வரை வெள்ளை இரும்பாக எடுத்து, கொழுப்பு நீக்கி, எபாக்ஸி இரண்டு பூச்சு. வயர் வீலை வைத்து ஒரே இடத்தில் அழுத்தினால் குழிக்குள் இருக்கும் துரு பளபளவென்று மின்னும், போகாது. மின்னுவதைப் பார்த்து ஏமாந்து பிரைமர் அடித்தால் ஆறு மாதத்தில் மீண்டும் கொப்புளம். இரண்டு: கை போகாத வெல்டிங் இடுக்கில் உதிர்வதை எல்லாம் சுரண்டிவிட்டு, கன்வெர்ட்டர், டப்பாவில் போட்ட நேரம் முழுக்கக் காத்திருத்தல், பிறகு அதோடு ஒத்துப்போகும் எபாக்ஸி. தடித்த செதிலின் மேல் கன்வெர்ட்டர் மேல்தோலை மட்டும் மாற்றும்.

இரும்பின் வெப்பநிலை பனிநிலைக்கு (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மேல் 3 டிகிரியாவது இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே. இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல் பெயின்ட் அடிக்கிறீர்கள். எபாக்ஸி வெயிலில் வெளுத்துப் பொடியும், மேல்பூச்சு கட்டாயம். மேல்பூச்சுக்கான கால அவகாசம் தாண்டிவிட்டால் 320-ல் உரசிவிட்டுத்தான் அடுத்தது.

தகட்டுக்கை:
ஜிங்க் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், என் வரிசை தவறு. அப்படியே பள்ளம் நிரப்பும் பட்டி பற்றியும் சேர்த்துவிடுகிறேன்: வெறும் இரும்பின் மேல் நேராகப் பட்டி இழுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். எபாக்ஸிக்கு மேல்தான் பட்டி, கீழே அல்ல.

நடுவழி:
குழந்தைகள் ஏறி இறங்கும் வண்டியில் தரைத் தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்கிறார்களே, அது உண்மையா? இன்னொன்று, பேட்டரியில் இணைக்கும் எலக்ட்ரானிக் துருத் தடுப்புக் கருவி பயன்தருமா?

பட்டறை மேசை:
முதலாவது முழு உண்மை. ஈரச் செருப்பு, கொட்டிய ஜூஸ், ஏசி வடிகுழாய் அடைத்து உள்ளே சொட்டும் நீர், எல்லாம் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சில் போய்த் தங்கும். மேலே ரப்பர் மேட் கிடப்பதால் உலராது. மேட்டை எடுத்துக் கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், சில்லென்று இருந்தால் சீட் தண்டவாள போல்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கி உலர்த்த வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்கினுடையது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் பொறுத்துத்தான் அதைத் தொட வேண்டும்.

மட்ஃபிளாப்பையும் சொல்ல வேண்டும். வீல் ஆர்ச் உதட்டில் ஸ்க்ரூ ஏற்றி மாட்டுகிறார்களே, ஒவ்வொரு ஸ்க்ரூவும் பெயின்டைத் துளைத்த காயம். பின்னால் மண் சேர்ந்து ஈரம் பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலைத் துளையிலும் கிளிப்பிலும் மாட்டும் வகையை மட்டும் போடுங்கள்.

துத்தநாகம்:
கருவி பயன்தராது. மின்னோட்டம் கொடுத்து இரும்பைக் காப்பது கடல்நீருக்குள் இருக்கும் கப்பலின் அடிப்பாகத்துக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் பொருந்தும், ஏனென்றால் சுற்றிலும் தொடர்ச்சியான கடத்தும் ஊடகம் இருக்கிறது. வண்டியைச் சுற்றி இருப்பது காற்று. சுற்று முழுமையாகாது.

ஆவணம் முதலில்:
வீட்டில் கை வைக்கவே கூடாத இரண்டு இடங்களையும் சொல்லிவிட வேண்டும். பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாயில் குழியோ செதிலோ தெரிந்தால் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது உள்ளே அழுத்தம் 100 பாருக்கு மேல் போகக்கூடும். குழாயை மாற்றத்தான் வேண்டும், செம்பு நிக்கல் கலவைக் குழாய் துருப்பிடிக்காது. முனை வாய் அந்த வண்டிக்குரிய ஃபிளேரில், அதாவது விரித்த வடிவத்தில், இருக்க வேண்டும். நடுவில் வெட்டி அழுத்த இணைப்பு போடுவது ஆபத்து. அடுத்தது ஜாக்கி வைக்கும் சில் விளிம்பு. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டும்போது மந்தமான சத்தம் வந்தாலோ, விளிம்பு நசுங்கினாலோ, அது தகடு வெட்டி வெல்டிங் செய்யும் வேலை. இனி ஜாக்கி வைக்கும்போது நடுவில் பள்ளம் உள்ள ரப்பர் கட்டை வையுங்கள், விளிம்புப் பெயின்ட் நசுங்காது.

தகட்டுக்கை:
கதவு விளிம்பில் நீங்கள் சொன்ன வரிசைக்கே வருகிறேன்: முதலில் படம், ஜாப் கார்டு. ஆனால் பதில் வரும்வரை கொப்புளத்தை அப்படியே ஈரத்தில் விடுவதை இன்னும் ஏற்க மாட்டேன். வடிகால் துளையைத் திறந்து, கதவை உலர்த்தி, மடிப்பின் உள்பக்க ஓரத்தில் நிறமில்லாத ஊடுருவும் மெழுகை விடலாம். பெயின்ட் எதையும் தொடவில்லை, ஆதாரமும் அழியாது.

ஆவணம் முதலில்:
அதையும் எழுத்தில் கேட்டுவிட்டே செய்யுங்கள். அடித்த மெழுகு மடிப்புக்குள் இருந்தால் பிறகு சீலரும் பெயின்டும் ஒட்டுவதற்குத் தடையாகும். அங்கே வேலை செய்யப்போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். துளையைத் திறப்பதற்கும் உலர்த்துவதற்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, இன்றே செய்யலாம்.

தகட்டுக்கை:
ஒட்டாது என்பது நியாயம். அப்படியானால் பதில் வரும்வரை துளையைத் திறந்து வைப்பது மட்டும். கூடவே மாதம் ஒரு முறை அதே அளவுகோலோடு அதே கோணத்தில் படம், கொப்புளம் நகர்கிறதா என்று பார்க்க.