மறு: ‘கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க வரிச்சட்டம் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் தங்கை இந்தச் சொல்லில் சிக்கி நிற்பதாக எழுதியிருந்தார். நானும் ஒருமுறை இதே இடத்தில் சிக்கி நின்றவன். பல ஆண்டுகளுக்கு முன், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் கடலூரில் என்னிடம் பத்திரம் எழுத வந்தார். “நிலம் பையனுக்கே போகட்டும். யாருக்கு விற்றாலும் விற்கட்டும். ஆனால் தோப்பு தோப்பாகவே நிற்க வேண்டும். இதற்கு என்ன பத்திரம்?” என்று கேட்டார். என்னிடம் பத்திரமும் இல்லை, சொல்லும் இல்லை. தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தேன். இன்று அந்த இடத்தில் மனைக்கற்கள் நிற்கின்றன.

அவர் கேட்டது ஏறத்தாழ இந்தக் ‘கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்’ ஏற்பாட்டைத்தான். அமெரிக்காவில் நிலக்காரர் நிலத்தைக் கொடுத்துவிடுவதில்லை. உழலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். மனை பிரித்துக் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் ஓர் அறநிறுவனத்துக்கோ அரசு அமைப்புக்கோ நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறார். அடுத்து யார் வாங்கினாலும் அந்தக் கட்டு நிலத்தோடு போகும். கட்டுக்கு முன் 10 லட்சம் டாலர் பெற்ற நிலம் பின் 6 லட்சம்தான் பெறும் என்றால், குறைந்த 4 லட்சமே அவருடைய நன்கொடை. அதை அவர் வரிக்கணக்கில் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2006இல் வந்து 2015இல் நிரந்தரமான ஏற்பாட்டின்படி ஓர் ஆண்டு வருமானத்தில் பாதிவரை கழிக்கலாம், மீதியை 15 ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாம். உழவே பெரும்பகுதி வருமானமாக இருப்பவருக்கு முழு வருமானம்வரை கழியும்.

இனி நீங்கள் முன்வைத்த சொற்கள்.

> ‘பாதுகாப்பு வசதியுரிமை’ நேர்ப்பொருள் தருகிறதே?

தருகிறது. ஆனால் படிப்பவருக்குக் காவலும் சௌகரியமும் நினைவுக்கு வரும், நிலம் வராது. ‘நிலக்காப்புரிமை’ என்று சுருக்கலாம் என்றவருக்கு: ‘காப்புரிமை’ ஏற்கெனவே புத்தகத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் போய்விட்டது. ‘பசுமைத் தானம்’ காதுக்கு இனிது. நிலம் கைமாறிவிட்டது என்ற தவறான எண்ணத்தைத் தருவதால் அதை ஏற்க மனம் வரவில்லை.

புதுச்சேரி நண்பர் பிரெஞ்சுச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொடுத்த ‘சுற்றுச்சூழல் கடப்பாடு’ என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. பிரான்சில் 2016ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் இதைக் கடமையின் பக்கமிருந்து பெயரிட்டிருக்கிறது. அழகான பார்வை. ஆனால் தமிழில் ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று மழையைச் சொன்ன குறள் அந்தச் சொல்லின் மேல் நிற்கிறது. அமெரிக்க ஏற்பாட்டில் வரிக்கழிவு என்ற கைம்மாறு நடுநாயகமாக இருக்கிறது. அதற்காகவே நிலமதிப்பை ஊதிக்காட்டி முதலீட்டாளர்களுக்குப் பங்கு விற்ற கூட்டங்கள் அங்கே முளைத்தன. அவற்றை அடக்க 2022 டிசம்பரில் சட்டம் திருத்தினார்கள்: கூட்டாகச் செய்தால், கேட்கும் கழிவு போட்ட முதலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் போனால் பொதுவாகக் கழிவே கிடையாது. இதைக் கடப்பாடு என்று எழுத என் கை கூசுகிறது.

என் பரிந்துரை: நிலக்காப்புப் பாத்தியதை.

‘பாத்தியதை’ வடசொல் என்று மறுப்பு வரும். வரட்டும். நடைப் பாத்தியதை, வண்டிப் பாத்தியதை, கிணற்றுத் தண்ணீர்ப் பாத்தியதை என்று நம் பத்திரங்கள் எழுதிவந்திருக்கின்றன. அண்டை வயலுக்கு வாய்க்கால் விட்டவருக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை: நிலம் ஒருவருடையது, அதன்மேல் ஓர் உரிமை இன்னொருவருடையது. இந்தப் பொருளை இவ்வளவு கச்சிதமாகத் தரும் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ‘காப்பு’ என்பதற்கு வனத்துறையின் காப்புக்காடு துணை நிற்கிறது. அதைவிட, திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பின் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்ற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. காப்பது, கட்டுவது என்ற இரண்டும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

> 1882ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மெண்ட் சட்டப்படி பாத்தியதைக்கு, உரிமை பெறும் நிலம், அதற்கு இடம் கொடுக்கும் நிலம் என்று இரண்டு நிலம் வேண்டும். இங்கே ஒன்றுதானே இருக்கிறது?

மிகச் சரியான கேள்வி. அமெரிக்காவிலும் இதே தடை இருந்தது. பக்கத்து நிலம் இல்லாவிட்டாலும் இது செல்லும் என்று 1981இல் மாதிரிச் சட்டம் இயற்றி வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. அவர்கள் பழைய சொல்லை வைத்துக்கொண்டு பொருளை அகட்டினார்கள். நாமும் அதைச் செய்யலாம்.

‘ஒப்பந்தம்’ போதும் என்ற கருத்தை மட்டும் கடுமையாக எதிர்க்கிறேன். ஒப்பந்தம் கையெழுத்திட்ட இருவரோடு நின்றுவிடும். வடலூரை நினைத்துப் பாருங்கள். 1867இல் பார்வதிபுரத்து மக்கள் வள்ளலாருக்கு ஏறத்தாழ 80 காணி நிலம் கொடுத்தார்கள். அந்தப் பெருவெளியில் கட்டடம் வரக் கூடாது என்று 2024இல் அதே ஊரார் போராட வேண்டிவந்தது, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போயிற்று. வெறும் வெளியாக விடுவதும் ஒரு கொடை என்று சொல்லும் சட்டச்சொல் நமக்கு இருந்திருந்தால் வாதமே வேறு மாதிரி நடந்திருக்கும். இப்படிக் கட்டினால் நிலத்தின் மதிப்பு குறையும் என்பதும் நியாயமான அச்சம்தான். இந்தப் பாத்தியதை வில்லங்கச் சான்றில் ஏறும். ஏற வேண்டும், வாங்குபவர் அங்கேதான் பார்ப்பார்.

தங்கைக்கு இன்னொரு வேண்டுகோள். கட்டுரை முழுக்க ‘வரிவிலக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். விலக்கு வேறு, கழிவு வேறு. வேளாண் வருமானத்துக்கு இங்கே இருப்பது விலக்கு. நன்கொடைக்குக் கிடைப்பது கழிவு. இதைக் குழப்பினால் அமெரிக்க வழி பண்ருட்டி உழவருக்கு ஏன் உதவாது என்பதே புரியாமல் போகும்: வேளாண் வருமானத்துக்கு வருமான வரியே இல்லாதவர் எதிலிருந்து கழிப்பார்? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக் கழிவு தந்த 80ஜி பிரிவும் பணமாகக் கொடுத்ததைத்தான் கணக்கில் எடுத்தது, நிலமாகக் கொடுத்ததை எடுக்கவில்லை. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவும் கிடையாது. 2026 முதல் அமெரிக்காவில் நன்கொடைகளைப் பட்டியலிடுவோருக்கு வருமானத்தில் 0.5 சதவீதத்துக்கு மேற்பட்ட தொகைக்குத்தான் கழிவு. அந்த 0.5 சதவீதத்தை ஆங்கிலத்தில் ‘ஃப்ளோர்’ என்கிறார்கள், தமிழில் ‘கீழ்வரம்பு’ போதும்.

சொல் பத்திரத்தில் உட்காருகிறதா என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன்:

“மேற்படி சொத்தில் மனை பிரிக்கவும் கட்டடம் எழுப்பவும் எனக்குள்ள உரிமையை நான் விட்டுக்கொடுத்து, அதைத் தடுத்து நிறுத்தும் நிலக்காப்புப் பாத்தியதையைத் தங்களுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறபடியால், இனி இச்சொத்தை அடைகிற எவரையும் இப்பாத்தியதை கட்டுப்படுத்தும்.”

பாகூர்ப் பக்கத்து நண்பர்கள் இதை அங்குள்ள பத்திர எழுத்தர் எவரிடமாவது படித்துக்காட்டி, எந்த இடத்தில் அவர் நாக்கு தடுக்கியது என்று எழுதுங்கள்.