ட்ரிஃப்ட் ஃபென்ஸ்: தடுப்பு வேலியா, வேறு சொல் உண்டா?

மடல் 1

அவையினருக்கு வணக்கம்.

பிரேசிலின் செராடோ என்னும் சவன்னாப் புல்வெளியில் பாம்புகளையும் பல்லி, ஓணான், அரணை வகைகளையும் கணக்கெடுப்பது எப்படி என்று களப்பணியாளருக்குச் சொல்லும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரு சொல்லில் மட்டும் நின்றுபோனேன்: ட்ரிஃப்ட் ஃபென்ஸ்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வாளிகளை, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி மண்ணில் புதைப்பார்கள். ஒன்று நடுவில், மற்ற மூன்றும் அதிலிருந்து மூன்று திசைகளில், ஒன்றுக்கொன்று 120 பாகைக் கோணத்தில். நடு வாளியிலிருந்து மற்ற வாளிகள் வரை, முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் தாளைக் குச்சிகளில் இழுத்துக் கட்டி, அதன் அடிவிளிம்பை மண்ணுக்குள் புதைத்துவிடுவார்கள். அந்தத் தாள்தான் வேலி. புல்லுக்குள் போய்க்கொண்டிருக்கும் அரணை அதில் வந்து முட்டும். வழவழப்பான தாளில் ஏற முடியாது, அடியில் நுழையவும் இடமில்லை. பெரும்பாலும் வந்த வழியே திரும்புவதில்லை; தாளை ஒட்டியே பக்கவாட்டில் ஊர்ந்து போகும். போகிற போக்கில் வாளிக்குள் விழும். மறுநாள் காலையில் ஆள் வந்து எடுத்து, அளந்து, குறித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

முதல் வரைவில் 'தடுப்பு வேலி' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், "பாதுகாக்கப்பட்ட நிலத்தில் விலங்குகளைத் தடுத்து வேலி போடலாமா?" என்று கேட்டார். அவர்மேல் பிழையில்லை. நான் எழுதிய சொல் அவரை அங்கேதான் கொண்டுபோயிருக்கிறது. 'நகர்வு வேலி' என்றால் வேலியே நகர்கிறதோ என்று தோன்றுகிறது. 'மிதவை வேலி' என்றால் தண்ணீர் வந்துவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் பின்னணியும் நமக்கு உதவாது. 1880களில் அமெரிக்காவின் டெக்சாஸ் வடபகுதியில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் கட்டிய நீண்ட முள்கம்பி வேலிக்கு இந்தப் பெயர் வழங்கியது. குளிர்காலப் புயலுக்கு முதுகைக் காட்டித் தெற்கே ஒதுங்கிப் போகும் மாடுகளின் போக்குக்கு 'ட்ரிஃப்ட்' என்று பெயர். அதை நிறுத்தவே அந்த வேலி. 1886 சனவரிப் பனிப்புயலில் ஆயிரக்கணக்கான மாடுகள் அந்த வேலியில் முட்டி, போக வழியில்லாமல் செத்தன. நிறுத்துவதற்குக் கட்டிய வேலியின் பெயரை, நிறுத்தாமல் கொண்டுசெலுத்தும் வேலிக்கு நாமும் அப்படியே பெயர்த்து வைக்கவேண்டியதில்லை.

ஒரு வேலிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். செராடோவின் பாம்பு பல்லி வகைகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று 267 இனங்களைக் கணக்கில் எடுத்தது. அவற்றில் 103 இனங்கள் வேறெங்கும் இல்லாதவை. பாம்புகளில் அப்படிப்பட்டவை 32 விழுக்காடு, பல்லி வகைகளில் 42. மண்ணுக்குள்ளேயே வாழும், கால் இல்லாத ஆம்ஃபிஸ்பீனா வகைகளில் 61. மண்ணுக்கு அடியில் வாழ்பவற்றில்தான் அந்த நிலத்துக்கே உரியவை மிகுதி. அவற்றைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு. வேலியும் வாளியும் இல்லாவிட்டால் அவை கணக்கிலேயே வராது.

'திருப்புவேலி' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். எனக்கே நிறைவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

மடல் 2

அன்புள்ள தம்பிக்கு,

பொருளை விளக்கிய பிறகு சொல்லைக் கேட்டது நல்ல முறை. பலர் ஆங்கிலச் சொல்லை மட்டும் அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருப்பார்கள்.

'திருப்புவேலி' வேண்டாம். திருப்புதல் என்றால் வந்த வழியே அனுப்புவதாகவும் பொருள்படும். அது நடப்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலி செய்வது வழிப்படுத்துதல். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்ற அழகான வினை நம்மிடம் இருக்கிறது. ஆகவே 'ஆற்றுவேலி'. நீளமாக வேண்டுமானால் 'ஆற்றுப்படுத்து வேலி'.

புதைத்த வாளிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 'குழிப்பொறி' என்றால் சரிதான். யானை பிடிக்கத் தோண்டிய குழியைச் சங்கப் பாடல்கள் 'பயம்பு' என்கின்றன. மேலே தழை பரப்பி மறைத்த குழி அது. உங்கள் வாளி திறந்தே இருக்கிறது என்றாலும், தானாக நடந்து வந்து விழுவது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. அந்தப் பழஞ்சொல்லை மீட்க இது நல்ல வாய்ப்பு.

மடல் 3

வணக்கம்.

ஊர்வன பற்றிய களப்பணியில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தக் குழுவில் எழுதுவது இதுவே முதல் முறை.

ஐயா சொன்ன 'ஆற்றுவேலி'யைப் படித்ததும் என் மனதில் வந்தது ஆற்றங்கரையில் போட்ட வேலி. களத்தில் யாரிடம் சொன்னாலும் அதுதான் வரும். ஆற்றுப்படுத்துதல் என்பதும் இப்போது மன ஆறுதல் தரும் பணிக்கு நிலைத்துவிட்டது.

என் வீட்டில் ஆடு வளர்த்தார்கள். ஆடு வேறு பக்கம் போனால், "அந்தப் பக்கமா நின்னு மறி" என்பார் அப்பா. மறி என்றால் ஆட்டை நிறுத்திவைப்பதில்லை. குறுக்கே நின்று, அது போகவேண்டிய பக்கம் போகும்படி விடுவது. பிளாஸ்டிக் தாள் அரணைக்குச் செய்வது அப்படியே அதுதான். 'மறிவேலி' என்றால் என்ன?

இன்னொன்று. வாளியில் நிற்காத பாம்புகளுக்காக வேலியோரம் கம்பிவலைப் பொறி வைப்போம். அகன்ற வாய், உள்நோக்கிக் குறுகும் கூம்பு. நுழைவது எளிது, வெளியேறும் துளை கண்ணில் படாது. இதைப் 'புனல் பொறி' என்று எழுதுகிறார்கள். புனல் என்றால் எனக்கு எண்ணெய் ஊற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது. மீன்பிடிக்கிறவர்களின் பறியைப் பார்த்தவர்களுக்கு இது வேறொன்றும் இல்லை, அதே பறி. மீன் பறி மூங்கிலில், இது கம்பியில். அவ்வளவே.

மடல் 4

அம்மாவின் 'பறி' மறுக்க முடியாதது. எடுத்துக்கொள்ளுங்கள்.

'மறிவேலி' பற்றி இரண்டு ஐயங்கள். மறி என்பது ஆட்டுக்குட்டிக்கும் மான்குட்டிக்கும் பெயர். மறிவேலி என்றால் குட்டிகளை அடைக்கும் வேலி என்று கொள்ள இடமுண்டு. இரண்டாவது, இன்றைய வாசகருக்கு மறி என்றதும் சாலை மறியல் நினைவுக்கு வரும். அப்படியானால் மறுபடியும் தடுப்பு வேலிக்கே போய்ச் சேருகிறோம் அல்லவா?

மடல் 5

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி.

மூன்று நாளாக 'மறிவேலி'யைக் கையேட்டின் எல்லா இடங்களிலும் போட்டுப் படித்துப் பார்த்தேன். ஐயாவின் ஐயங்களை மனதில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

குட்டி என்ற பொருள் பெயர்ச்சொல்லுக்கு. இங்கே மறி வினை. மறித்த வேலி, மறிக்கிற வேலி, மறிக்கும் வேலி என்று முக்காலத்துக்கும் விரிகிற வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. பாம்புக் கணக்கெடுப்பு பற்றிய பக்கத்தில் இதைப் படிப்பவர் ஆட்டுக்குட்டியை நினைக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சாலை மறியல் பற்றிய ஐயம்தான் எனக்கும் இருந்தது. மறியலில் நிறுத்துவது மட்டும் தங்கியிருப்பது உண்மை. ஆனால் வினையில் பழைய பொருள் அழியவில்லை. அலை மடிந்து திரும்புவதையும் மறிதல் என்று சொல்லியிருக்கிறார்கள். மேய்ப்பவர்கள் இன்றும் 'மறிச்சு ஓட்டு' என்கிறார்கள். மறிப்பதும் ஓட்டுவதும் அவர்கள் வாயில் ஒரே வேலை. ஆங்கிலச் சொல்லும் மாட்டுக்காரர்களிடமிருந்தே வந்தது என்பதால் எனக்கு இதில் கூடுதல் மகிழ்ச்சி. அவர்கள் வேலி மாட்டை நிறுத்தியது, நம்முடைய சொல் ஆட்டைத் திருப்பிவிடுகிறது. பொறிக்குப் பொருந்துவது நம்முடையதே.

இன்னொரு காரணம் என் சொந்த அனுபவம். சில வாரம் இப்படிப்பட்ட வேலிகளைக் காலையில் பார்த்துவரும் வேலையில் கூடப் போயிருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் எல்லா வாளியையும் பார்த்தாக வேண்டும். தாமதித்தால் உள்ளே இருப்பது சூட்டில் செத்துவிடும். வாளியின் அடியில் தண்ணீர் வடியத் துளை, ஒதுங்க நிழலுக்கு ஒரு துண்டு தெர்மாகோல். மழை வந்து வாளி நிரம்பினால் அந்தத் துண்டே மிதக்கும், அதன்மேல் ஏறிப் பிழைத்துக்கொள்ளும். அந்தத் துண்டைக் கையால் தூக்கக் கூடாது. அடியில் தேள் இருக்கலாம், குட்டி விரியன் இருக்கலாம். குச்சியால் புரட்டவேண்டும். ஒரு காலையில் புரட்டியபோது ஈரமண்ணோடு ஒட்டிக்கொண்டு பென்சில் நீளத்தில் ஒன்று கிடந்தது. மண்புழு என்றே நினைத்தேன். உடன் வந்தவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்: மினுங்கும் செதில்கள், கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கரும்புள்ளிகள். புழுப்பாம்பு. விரல்களுக்கு நடுவில் மண்ணைத் தேடித் தலையை முட்டிக்கொண்டே இருந்தது.

அந்த வேலையில் யாரும் நீளமான பெயர் சொல்வதில்லை. 'ஏழாவது வேலி, ரெண்டாவது வாளி' என்பார்கள், எழுதுகிறவர் எழுதிக்கொள்வார். ஆகவே சொல் குறுக்கினாலும் உடையாமல் இருக்கவேண்டும். அறிக்கையில் 'மறிவேலிக் குழிப்பொறி' என்று முழுதாகவும், களத்தில் 'வேலி', 'வாளி' என்றும் வழங்கலாம். முயற்சியின் அளவைச் சொல்லவும் வாளி கைகொடுக்கிறது. 20 மறிவேலிகள், ஒவ்வொன்றிலும் 4 வாளிகள், 10 நாள் திறந்திருந்தால் 800 வாளிநாள். இந்த எண் இல்லாமல் இரண்டு இடங்களின் இனவளத்தை, அதாவது எங்கே எத்தனை இனங்கள் என்பதை, ஒப்பிட முடியாது. ஒன்றில் நிறைய இனம் கிடைத்தது என்றால் அங்கே நிறைய நாள் வாளி திறந்திருந்தது என்பது மட்டுமேகூட இருக்கலாம். 'பயம்பு நாள்' என்று எழுதிப் பார்த்தேன் ஐயா. சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் களக் குறிப்பேட்டில் ஒருவரும் எழுத மாட்டார்கள். கையேட்டின் முன்னுரையில் குழிப்பொறியின் வரலாற்றைச் சொல்லும் இடத்தில் பயம்பைக் கட்டாயம் சேர்க்கிறேன்.

விளக்கத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். மறிவேலி எல்லாவற்றையும் மறிப்பதில்லை. விரல் ஒட்டும் பல்லிகள் வாளிச்சுவரில் ஏறிப் போய்விடும். பெரிய பாம்புகள் வேலியைத் தாண்டும், வாளியில் விழுந்தாலும் எழும்பி வெளியேறும். மரத்திலேயே வாழ்பவை வேலிப்பக்கம் வருவது குறைவு. அவற்றுக்குப் பறியும், நேரம் குறித்துக்கொண்டு நடந்து தேடுவதும், இரவில் சாலையில் மெதுவாக வண்டி ஓட்டிப் பார்ப்பதும் வேண்டும். சொல்லில் இதையெல்லாம் ஏற்ற முடியாது. ஆனால் வாளியில் விழாததை நிலத்தில் இல்லாதது என்று யாரும் எழுதிவிடக் கூடாது. செராடோவிலுள்ள சேரா ஜெரால் டொ டொக்கான்டின்ஸ் உயிர்ச்சூழல் காப்பகம் 7 இலட்சம் எக்டேருக்கு மேல் பரப்புள்ளது, 2001இல் அமைந்தது. அங்கே மணலுக்கடியில் வாழும், கால் சிறுத்துப்போன பாக்கியா என்னும் பல்லிப் பேரினத்தைச் சேர்ந்த ஓர் இனத்தை 2008இல்தான் புதிதாக விவரித்தார்கள். காலடியிலேயே இருந்தது அது, அதுவரை பெயர் இல்லாமல்.

கையேட்டின் சொல்லடைவில் இப்படிப் பதிகிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

மறிவேலி: தரையில் ஊரும் சிறு உயிர்களைக் குறுக்கே மறித்து, தன்னை ஒட்டியே பக்கவாட்டில் நகரச்செய்து, குழிப்பொறிக்கோ பறிக்கோ கொண்டுசெலுத்தும் தாழ்ந்த வேலி. அடிவிளிம்பு மண்ணில் புதைந்திருக்கும். கணக்கெடுப்பு நடக்காத நாட்களில் வாளிகளை மூடியிட்டு மூடவேண்டும். வேலை முடிந்ததும் வேலியைக் கழற்றி, வாளிகளை எடுத்து, குழிகளை மண்ணால் நிரப்பவேண்டும்.

கடைசி வரி சொற்பொருள் விளக்கம் அல்ல என்று ஐயா சொல்வார். தெரிந்தேதான் வைத்திருக்கிறேன். கைவிட்ட வாளி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இருக்கும், யாரும் வந்து எடுக்காமலேயே.

ஆம்ஃபிஸ்பீனாவுக்கு என்ன சொல் என்பது இன்னும் நிற்கிறது. பிரேசிலில் அதை 'இருதலைப் பாம்பு' என்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் நம்மிடம் இருதலைப் பாம்பு என்றால் மண்ணுளிப் பாம்பு. அது உண்மையிலேயே பாம்பு, இது பாம்பல்ல. உடல் முழுக்க வளையம் வளையமாக இருப்பதால் 'வளையவுடலி' என்று ஒன்று தோன்றுகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.