வேலூர் வெயிலுக்கும் பூமிக்குள் இருக்கிற சூட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

காட்பாடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் இருந்து வள்ளிமலை போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பழைய போர்வெல் 400 அடி, இரண்டு வருஷமாகச் சேறுதான் வந்தது, அதனால் போன மாசம் புதுசாகப் போட்டோம். போர் போடுகிற திருச்செங்கோட்டு வண்டி. சாயங்காலம் ஆரம்பித்து விடிய விடிய ஓட்டினார்கள். முதல் 30 அடி மண், கேசிங் குழாய் இறக்கின பிறகு எல்லாமே கல்தான், ஒரு நேரம் வெள்ளைத் தூள் ஒரு நேரம் கறுப்புத் தூள் என்று மாறி மாறிப் பறந்தது. 820 அடியில் ஒரு கசிவு, 980ல் நல்ல ஊற்று, 1,050ல் நிறுத்திவிட்டோம்.

ரெண்டு நாள் கழித்து மோட்டார் இறக்கினோம். தண்ணீர் வந்தபோது விடிகாலை ஐந்து மணி இருக்கும். கையை நீட்டினால் வெதுவெதுவென்று இருக்கிறது, கைக்குழந்தைக்கு விளாவி வைத்த தண்ணீர் மாதிரி. பைப்பு வெயிலில் காய்ந்த சூடு என்று சொல்ல முடியாது, அந்த நேரத்தில் வெளியே குளிர் காற்று அடித்தது.

பெரியப்பா பக்கத்தில் இருந்தார். "அடியில நெருப்பு இருக்குதுடா, அதனாலதான் நம்ம வேலூரு இந்தக் கொதி கொதிக்குது. ஆம்பூர்ப் பக்கம் பூமி ஆடினதும் அதனாலதான். திருவண்ணாமலையே ஒரு காலத்துல எரிமலைதானே" என்றார். எனக்கு முழுசாக நம்பவும் முடியவில்லை, மறுத்துப் பேசவும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் பூமியை வெட்டிக் காட்டின படம் இன்னும் ஞாபகம் இருக்கிறது, மேலே மெல்லிசாகத் தோல், உள்ளே எல்லாம் சிவப்புக் குழம்பு. படம் அப்படித்தான் என்றால் பெரியப்பா சொல்வதில் என்ன தப்பு? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள், அவரிடம் போய் நான் சொல்ல வேண்டும்.

ரிக்வண்டி:

தம்பி, நான் பதினேழு வருஷம் ரிக்கில் இருந்தவன். 1,000 அடி தாண்டினால் கோயம்புத்தூர்ப் பக்கமும் தண்ணீர் இளஞ்சூடாகத்தான் வரும், தர்மபுரியிலும் அப்படித்தான். வேலூருக்கு மட்டும் உண்டான விஷயம் இல்லை இது. இன்னொன்று, ராத்திரி முழுக்க ரிக்கின் சுத்தியல் கல்லை அடித்துத் தூளாக்கியிருக்கிறது, கம்ப்ரசர் காற்றே சூடாகத்தான் உள்ளே போகும். போதாததற்குத் தண்ணீருக்குள் மோட்டார் ஓடுகிற சூடு வேறு. அதனால் முதல் நாள் தண்ணீரை வைத்து எதுவும் முடிவு பண்ணாதீர்கள். ஒரு வாரம் போகட்டும், அப்புறம் ரெண்டு மணி நேரம் ஓட விட்டுக் கையை வையுங்கள். கொஞ்சம் குறையும், ஆனால் சூடு இருக்கத்தான் செய்யும்.

தங்கவயல்_பேத்தி:

எங்கள் தாத்தா குடியாத்தத்துக்காரர், கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் வட ஆற்காட்டில் இருந்து எத்தனையோ குடும்பங்கள் மழை பொய்த்தபோது அங்கே போய்ப் பிழைத்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். உங்கள் போரைப் போல பத்து மடங்கு. அதுவும் மனிதர்கள் கூண்டில் இறங்கி வேலை செய்த ஆழம்.

அங்கே அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். குளிர்காற்று அனுப்ப இயந்திரம் இல்லாமல் அந்த ஆழத்தில் ஆள் நிற்க முடியாது. தாத்தா சொல்வார், சுவரில் வெறும் முதுகைச் சாய்த்தால் தோசைக்கல்லில் பட்டது போல இழுத்துக்கொள்வோம் என்று. ஆனால் 3 கிலோமீட்டர் போயும் யாரும் நெருப்பைப் பார்க்கவில்லை, குழம்பையும் பார்க்கவில்லை. கல், கல், அதற்கும் கீழே கல். மேலே தங்கவயலில் வெயில் எப்படி? வேலூரை விட எவ்வளவோ பரவாயில்லை, ராத்திரியில் போர்வை தேடுவோம். அடிச்சூடுதான் வெயிலுக்குக் காரணம் என்றால் தங்கவயல் அல்லவா முதலில் வெந்திருக்க வேண்டும்? அந்தச் சுரங்கம் 2001ல் மூடப்பட்டது, இப்போது அடியெல்லாம் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது.

கல்தேடி:

நான் படித்தது கணக்கு, வேலை வேறு, ஆனால் பத்து வருஷமாகத் திருப்பத்தூர், வேலூர்ப் பக்கம் கல் பார்த்துக்கொண்டு திரிகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். மேலோடு நம் பக்கம் சுமார் 35, 40 கிலோமீட்டர் தடிமன். அதற்குக் கீழே 2,900 கிலோமீட்டர் வரைக்கும் இருப்பது மேன்டில். படத்தில் சிவப்பாகத் தீட்டியிருப்பார்கள், ஆனால் அது குழம்பு இல்லை, கெட்டிப் பாறை. பயங்கரச் சூடு, ஆனால் மேலே இருக்கிற பாரம் அதை உருக விடாது. கோடிக்கணக்கான வருஷ அளவில் மெதுவாக நகரும், அவ்வளவுதான். எரிமலைக் குழம்பு என்பது அங்கங்கே சில இடங்களில், அழுத்தம் குறையும்போதோ தண்ணீர் கலக்கும்போதோ கொஞ்சமாக உருகி வருவது. உண்மையிலேயே உருகி நிற்பது 2,900க்குக் கீழே இருக்கிற இரும்பு, அதற்கும் உள்ளே 5,150க்குக் கீழே மறுபடி கெட்டி இரும்பு.

யாரும் போய்ப் பார்க்காமல் இது எப்படித் தெரியும் என்று பெரியப்பா கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். மனிதன் போட்டதிலேயே ஆழமான போர் ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில், 12,262 மீட்டர். மேலோட்டில் பாதிகூட இல்லை. மற்றதெல்லாம் பூகம்ப அலையை வைத்துக் கண்டுபிடித்தது. அலை ரெண்டு வகை. ஒன்று தள்ளிக்கொண்டு போவது. இன்னொன்று கயிற்றை உதறினால் ஓடுமே, அது மாதிரி பக்கவாட்டில் ஆடிக்கொண்டு போவது. கயிற்றை உதறலாம், தண்ணீரை உதற முடியாது, ஆகவே இரண்டாவது அலை திரவத்துக்குள் போகாது. மேன்டில் முழுக்க அந்த அலை போகிறது. அப்படியானால் அது கெட்டி. நடுவில் இருக்கிற கருவுக்குள் போவதில்லை. 1897ல் அசாமில் வந்த பெரிய பூகம்பத்தின் பதிவுகளை வைத்து இந்த அலைகளைப் பிரித்துக் காட்டியவர் ஓல்டாம், நம் நாட்டு நிலவியல் துறையில் வேலை பார்த்தவர். பூமிக்கு நடுவே ஒரு கரு இருக்கிறது என்று 1906ல் ஆதாரத்தோடு சொன்னவரும் அவர்தான். கருவுக்குள் இன்னொரு கெட்டிக் கரு என்று 1936ல் சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற அம்மா.

இப்போது வேலூர் வெயில். பூமிக்குள் இருந்து சூடு மேலே வருவது உண்மை. ஆனால் எவ்வளவு? நம் தென்னிந்தியப் பழம்பாறைப் பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.04 வாட். 270 சதுர அடியில் ஒரு ஹால் வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தரை முழுக்கச் சேர்த்தாலும் 1 வாட்தான் வரும், சாமி படத்துக்கு முன்னால் எரிகிற சின்ன பல்பு கூட அதை விட அதிகம் எடுக்கும். மத்தியான வெயில் அதே ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் வரைக்கும் கொட்டுகிறது. சித்திரை வெயிலில் 40 டிகிரி தாண்டுவது முழுக்க முழுக்க மேலே இருந்து வருவது. கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, கடல்காற்று சென்னைக்கு மத்தியானமே வந்துவிடும், நமக்கு இருட்டின பிறகு வந்தால் உண்டு. மேற்கே இருந்து காய்ந்த காற்று. சுற்றிலும் மொட்டைப் பாறை மலை. கோட்டைக்குக் கிழக்கே இருக்கிற மலையடிவாரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பாறையில் உட்கார்ந்து பாருங்கள், பகலில் குடித்த வெயிலை அது அப்போதுதான் திருப்பிக் கொடுத்துக்கொண்டு இருக்கும்.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். உங்கள் போரில் கறுப்புத் தூள் வந்தது என்றீர்களே, அது பெரும்பாலும் சார்னகைட் என்ற கல்லாக இருக்கும். வேலூர், ஜவ்வாது மலைப் பக்கம் அதுவும் நைஸ் என்ற வரிவரியான கல்லும்தான் கலந்து கிடக்கின்றன. குவாரியில் புதுசாக உடைத்த சில்லு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், கறுப்பில் பச்சையும் நீலமும் ஓடும், எண்ணெய் தடவித் துடைத்தது போல ஒரு மினுமினுப்பு இருக்கும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற அந்தக் காலத்து ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்திருப்பது இந்தக் கல்தான், நம் சென்னைப் பல்லாவரத்துப் பக்கம் இருந்து போனது. அந்தக் கல்லறையை வைத்தே தாமஸ் ஹாலண்ட் என்பவர் இதற்கு அந்தப் பெயரை வைத்தார். இது எரிமலை கக்கின கல் இல்லை. ஏறக்குறைய 250 கோடி வருஷத்துக்கு முன்னால், 20 கிலோமீட்டர், அதற்கும் கூட ஆழத்தில், அந்தச் சூட்டில் வெந்து உண்டானது. இப்போது அது நம் காலடியில் கிடக்கிறது என்றால், அதன் மேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் மழையிலும் காற்றிலும் தேய்ந்து போயிற்று என்று அர்த்தம். பெரியப்பா அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். வேலூரில் அவர் நிற்கிற இடமே பூமியின் அடிப்பக்கம்தான், வெளியே வந்து ஆறிப்போன அடிப்பக்கம். எனக்கு இதை முதலில் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

திருவண்ணாமலையும் அதே கதைதான். ஆழத்தில் உண்டான பழைய கல், வாயும் கிடையாது குழம்பும் கிடையாது. அக்னித்தலம் என்பது வேறு, அது சாமி விஷயம், அதை எரிமலை என்று நிரூபித்துத்தான் கும்பிட வேண்டும் என்று இல்லை.

நம் பக்கம் நெருப்புக் குழம்பு வரவே இல்லையா என்றால் வந்தது. ஏலகிரி மலை அப்படிப்பட்ட குழம்பு பூமிக்குள்ளேயே உறைந்தது, சுமார் 75 கோடி வருஷத்துக்கு முன்னால். பக்கத்தில் செவ்வாத்தூரில் சுண்ணாம்புக் குழம்பாகவே மேலே வந்த ஒரு அபூர்வமான கல், கார்பனடைட், கிடக்கிறது. அங்கே வெர்மிகுலைட் என்ற செதில் செதிலான கனிமம் எடுக்கிறார்கள். அதில் ஒரு செதிலைக் கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்துக் காட்டினால் புழு மாதிரி நெளிந்து பல மடங்கு நீண்டுவிடும், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி.

ஆம்பூர்_வாசி:

கல்தேடி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் நில அதிர்வை யாரும் தொடவில்லையே. 2021 நவம்பர் 29, விடிகாலை 4.17. அலமாரியில் அடுக்கி வைத்த எவர்சில்வர் தட்டெல்லாம் ஒன்றோடொன்று உரசி நடுங்கின, நாங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். ரிக்டர் 3.6 என்று பிறகு சொன்னார்கள். அதே மாசம்தான் பாலாற்றில் இந்தத் தலைமுறை பார்க்காத வெள்ளம். அத்தனை வருஷம் போர் போட்டு உறிஞ்சினது ஒரு பக்கம், திடீரென்று அவ்வளவு தண்ணீர் இறங்கினது ஒரு பக்கம். கல்குவாரி வெடி வேறு. இதற்கும் அதற்கும் ஒன்றும் இல்லை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

கல்தேடி:

ஐயா, குவாரி வெடியை எடுத்துவிடலாம், விடிகாலை நாலு மணிக்கு யாரும் வெடி வைப்பதில்லை, அதன் அதிர்வும் இவ்வளவு தூரம் பரவாது. போர் விஷயத்தில் ஒரு அளவு பாருங்கள். அந்த அதிர்வின் ஆழம் 25 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். 1,000 அடி போர் என்பது 0.3 கிலோமீட்டர். அதற்கும் இதற்கும் நடுவே 24 கிலோமீட்டருக்கு மேல் கெட்டிப் பாறை. மழைநீர் வெடிப்பில் இறங்கிச் சின்னச் சின்ன அதிர்வைத் தூண்டுவது உலகத்தில் நடக்கிறதுதான், ஆனால் அவை பெரும்பாலும் மேலாக, சில கிலோமீட்டருக்குள் நடப்பவை. நம் நாடு உட்கார்ந்திருக்கிற பாறைத் தட்டு வருஷத்துக்கு சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே போய் இமயமலையில் முட்டிக்கொண்டே இருக்கிறது, அந்த நெருக்கல் நம் ஊர்க் கல் வரைக்கும் வருகிறது. பழைய வெடிப்பு எங்காவது இருந்தால் ஒரு நாள் கொஞ்சம் நழுவும்.

ஆம்பூர்_வாசி:

ஆழத்துக் கணக்கு சரி. ஆனாலும் மழைக்கும் அதற்கும் நடுவே யாராவது அளந்து பார்த்துச் சொல்லும் வரைக்கும் நான் சந்தேகத்தை விட மாட்டேன். எங்கள் தெருவில் ரெண்டு வீட்டுச் சுவரில் விரிசல் இன்னும் அப்படியே இருக்கிறது.

காட்பாடிக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மீன் தொட்டிக்கு வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். ரிக்வண்டி அண்ணன் சொன்னபடி ஒரு வாரம் விட்டு, நேற்று விடிகாலை மூன்று மணிக்கு மோட்டாரைப் போட்டு ஐந்து மணிக்கு அளந்தேன். போர்த் தண்ணீர் 32.5. பெரியப்பா வீட்டுப் பழைய கிணற்றில் 45 அடியில் இருக்கிற தண்ணீரைச் சேந்தி அளந்தால் 28. ரெண்டுக்கும் வித்தியாசம் நாலரை டிகிரி. தங்கவயலில் அடிப்பாறை 60க்கு மேல், மேலே தரைப்பக்கம் இருபது சொச்சம் என்று வைத்து மூன்று கிலோமீட்டருக்கு ஏறக்குறைய நாற்பது டிகிரி ஏறினால் எங்கள் 300 மீட்டருக்கு நாலு வருகிறது, கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது, மிச்சம் அரை டிகிரி மோட்டார் சூடாக இருக்கலாம்.

பெரியப்பா தெர்மாமீட்டரை அவரே வாங்கி மூன்று தடவை முக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் போர் போட்டபோது குவிந்த தூளில் இருந்து கறுப்பாக ஒரு சில்லைப் பொறுக்கிக் கழுவி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்தார். "20 கிலோமீட்டர்னா இங்கேயிருந்து ராணிப்பேட்டை தூரம் வருமாடா?" என்று கேட்டார். ஏறக்குறைய அவ்வளவு வரும் என்றேன். அந்தச் சில்லு இப்போது அவர் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது.

கல்தேடி அண்ணே, செவ்வாத்தூருக்கு எந்த வழியாக வர வேண்டும் என்று சொல்லுங்கள், அடுத்த ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.