பூம்பாறையில் தாத்தாவின் பூண்டு நிலம்: பழைய விதை எங்கே கிடைக்கும்?

கேள்வி: திண்டுக்கல் பேரன்

வணக்கம். அப்பாவுக்குச் சொந்த ஊர் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிற பூம்பாறை. நான் பிறந்து வளர்ந்தது திண்டுக்கல். ஊருக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் படி நிலம் இருக்கிறது. தாத்தா போன பிறகு குத்தகைக்கு விட்டிருந்தோம், குத்தகைக்காரரும் இப்போது விட்டுவிட்டார். காட்டேஜ் கட்ட விலைக்குக் கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எனக்கும் தங்கைக்கும் விற்க மனமில்லை. தாத்தா போட்ட மலைப்பூண்டையே போட ஆசை. அந்த விதை எங்கே கிடைக்கும்? எந்த மாதம் ஊன்றுவது? தாத்தா பூண்டை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார் என்று அப்பா சொல்கிறார். அது எதற்காக?

பதில்: வடுகபட்டி மண்டிக்காரர் மகன்

விளைந்த பிறகு எங்கள் ஊர் பூண்டுச் சந்தைக்குத்தான் கொண்டு வருவீர்கள், அதனால் விற்பனையைப் பற்றிக் கவலை வேண்டாம். சாலை வருவதற்கு முன்பு மேல்மலைப் பூண்டு குதிரை முதுகில் இறங்கியது என்று எங்கள் தாத்தா சொல்வார். வத்தலக்குண்டு பக்கம் மலைச்சாலை 1914-ல் முடிந்த பிறகும், கொடைக்கானலுக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பல காலம் குதிரைதான். கும்பக்கரையிலிருந்து ஏறுகிற பாதையில் வெள்ளகவி இருக்கிறதே, அங்கே சுமைக்குக் குதிரை வைத்துப் பிழைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விதை விஷயம் மலைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

பதில்: பூம்பாறை அக்கா

தம்பி, விற்க வேண்டாம் என்று நினைத்தாயே, அதுவே எனக்குச் சந்தோஷம். நான் பிறந்தது மன்னவனூர், வாழ்க்கைப்பட்டது பூம்பாறை. ரெண்டு ஊரிலும் பூண்டுதான் சோறு போடுகிறது.

விதையைக் கடையில் தேடாதே, வீடுகளில் கேள். எங்கள் வீட்டில் விதைப்பூண்டை விலைக்குக் கொடுத்ததில்லை. இந்தப் போகம் வாங்கியவர்கள் அடுத்த போகத்தில் அதே அளவு திருப்பித் தர வேண்டும், அதுவும் நல்ல பருத்த பூண்டாகப் பார்த்து. எனக்குக் கல்யாணமானபோது அம்மா மன்னவனூரிலிருந்து ஒரு கட்டு விதைப்பூண்டு கொடுத்துவிட்டார்கள். என் மாமியார் அதை இந்த மண்ணில் தனிப் பாத்தியில் ஊன்றி, ஒரு போகம் பார்த்த பிறகுதான் மற்றதோடு சேர்த்தார்.

அடுப்புக்கு மேலே ஏன் என்று கேட்டாய். மலையில் வெயிலை நம்பிப் பூண்டு காயவைக்க முடியாது. மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், இல்லாவிட்டால் முளை விட்டுவிடும். அதனால் தாளோடு பிடுங்கி, மண்ணை உதறி, கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில் தொங்கவிடுவோம். விறகுப் புகை ஈரத்தை வாங்கிவிடும், பூச்சியையும் அண்ட விடாது. அப்படி வைத்த பூண்டு ஒரு வருஷம் வரைக்கும் தாங்கும். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதன் காரத்தையும் மருந்துக் குணத்தையும் ஊரெல்லாம் பேசுகிறது. என்னைக் கேட்டால் அந்தப் பரண் இல்லாமல் இந்தப் பூண்டே இல்லை.

இப்போது ஓட்டு வீடு போய்த் தார்சு வீடு வந்துவிட்டது, கேஸ் அடுப்பும் வந்துவிட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். புகையில் இருமியே ஓய்ந்துபோன பெண்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் பரண் போனதும் விதை வைக்க இடம் இல்லை. பிடுங்கிய கையோடு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டு, ஊன்றும் நேரத்தில் எங்கேயோ விளைந்த பூண்டை வாங்கி ஊன்றுகிறார்கள். பழைய விதை கிடைக்கவில்லை என்றால் காரணம் இதுதான். நாங்கள் வீட்டுக்குப் பின்னால் விதைக்கென்றே ஒரு தகரக் கொட்டகை போட்டு, சாயங்காலம் மட்டும் அதில் புகை மூட்டம் போடுகிறோம். உனக்கும் அதைத்தான் சொல்வேன். நிலத்தில் கை வைக்கும் முன்பு விதை வைக்க இடம் செய்.

வருஷத்துக்கு ரெண்டு போகம். வைகாசி வாக்கில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. நாலு மாதத்துப் பயிர். ஊன்றும்போது வெளிச்சுற்றில் இருக்கிற பெரிய பல்லாகப் பார்த்து எடு, நடுவில் இருக்கிற பொடிப் பல் குழம்புக்கு. முனை மேலே பார்க்க, நாலு விரல் இடைவெளி. உரத்துக்குக் குதிரை லத்தி கிடைத்தால் விடாதே. நடவு, களை, பிடுங்குவது எல்லாம் பெண்கள் வேலைதான் இங்கே. எங்கள் நடவுக்கு அவர்கள் வருவார்கள், அவர்கள் நடவுக்கு நாங்கள் போவோம். இப்போது கூலி ஆள் என்று ஆகிவிட்டாலும், நெருங்கின வீடுகளுக்குள் அந்தப் பழக்கம் இருக்கிறது. அதற்கு நீ ஊரோடு ஒட்ட வேண்டும். தைப்பூசம் முடிந்து எங்கள் ஊர் முருகன் குழந்தை வேலப்பருக்குத் தேர் ஓடும், வீட்டோடு வா. மேடும் பள்ளமுமான தெரு என்பதால் தேருக்கு முன்னும் பின்னும் வடம் கட்டி இழுப்பார்கள். பின் வடத்தைப் பிடிக்க எப்போதும் ஆள் வேண்டும்.

பதில்: பண்ணைக்காடு விவசாயி

அக்கா சொன்ன தனிப் பாத்தி ரொம்ப முக்கியம். கீழ்மலையில் எங்கள் விருப்பாச்சி வாழைக்கு நடந்ததைப் பாருங்கள். 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி, ஆனால் நோயுள்ள கன்றைத் தெரியாமல் ஊருக்கு ஊர் எடுத்துப் போய் நட்டதும் சேர்ந்துகொண்டது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போன பழம் அது. பிறகு ஆய்வுக்கூடத்தில் நோயில்லாமல் வளர்த்தெடுக்கிற திசு வளர்ப்புக் கன்று வந்துதான் ஓரளவு மீண்டது. விதைப்பூண்டு யார் கொடுத்தாலும் அழுகல் இருக்கிறதா, பல் சுருங்கியிருக்கிறதா என்று உரித்துப் பார்த்து வாங்குங்கள்.

திண்டுக்கல் பேரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, காட்டு மாடு தொந்தரவு இருக்கிறது என்கிறார்களே? வைகாசிப் போகத்துக்கு எப்போது வந்தால் சரியாக இருக்கும்?

பூம்பாறை அக்கா

தொந்தரவு உண்டுதான். பூண்டைத் தின்னாது, ஆனால் ராத்திரி கூட்டமாக இறங்கினால் பாத்தியெல்லாம் மிதிபட்டுப் போகும். பக்கத்து நிலத்துக்காரர்களோடு சேர்ந்து வேலி போடு. தனி ஒரு நிலத்துக்கு மட்டும் போட்டால் செலவு தாங்காது.

பங்குனியிலேயே வந்துவிடு. நிலம் சும்மா கிடந்தால் படிகளின் கல் கட்டு சரிந்திருக்கும். அதை எடுத்துக் கட்டாமல் உழுதால் முதல் மழையிலேயே மண் ஓடைக்குப் போய்விடும். கல் கட்டத் தெரிந்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். சித்திரை பிறந்துவிட்டால் அவர்கள் கிடைக்க மாட்டார்கள், இப்போதே சொல்லி வை.