மெக்கானிக் தொழில் எனக்குத் தந்தது: அனுபவங்களைப் பகிருங்கள்

கேள்வி எழுப்பியவர்:

என் தம்பி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கார் மெக்கானிக் ஆகியே தீருவேன் என்று உறுதியாக நிற்கிறான். வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். எனக்கும் தெளிவான முடிவு பிடிபடவில்லை. இத்தொழிலில் இருப்பவர்கள், அதனால் தங்களுக்கு விளைந்த நன்மையைத் தாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்து எழுதினால் எங்களுக்குப் பெரிதும் உதவியாக இருக்கும்.

22 ஆண்டுகளாகப் பட்டறையில் இருப்பவர்:

தங்கள் கேள்வியைப் படித்ததும், காலை வேளையில் ஸ்டார்ட் ஆக மறுத்த ஒரு பழைய கார்தான் நினைவுக்கு வந்தது. அதன் உரிமையாளர் ஒரே ஆண்டில் பேட்டரியை இரண்டு முறையும் ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒரு முறையும் மாற்றியிருந்தார்; ஆயினும் சாவியைத் திருப்பினால் மோட்டார் முனகுமே தவிர, இன்ஜினைச் சுழற்றாது. பேட்டரியை மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் அளந்தேன். 12.6 வோல்ட் இருந்தது, அதாவது முழு சார்ஜ். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு, உரிமையாளரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 0.2 வோல்ட்டைச் சுற்றி இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 1.8 காட்டியது. ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்னழுத்தத்தில் ஒரு பங்கு, பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் கேபிளிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். கேபிள் இன்ஜினோடு சேரும் லக்கில், அதாவது அதன் உலோக முனையில், பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, மீண்டும் இறுக்கினேன். சாவியைத் திருப்பிய மறுகணமே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அந்த மனிதரின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. புதிய பாகம் எதுவும் தேவைப்படாமல், குறை எங்கே என்று தேடிக் கண்டறிந்ததற்காக மட்டுமே அவர் எனக்குக் கூலி கொடுத்தார். நான் செய்த வேலை சரியா தவறா என்பதை மேலதிகாரி எவரும் சொல்ல வேண்டியதில்லை; வண்டியே அங்கேயே, அப்போதே சொல்லிவிடுகிறது. என் வரையில் இத்தொழிலின் முதல் நன்மை அதுதான்.

சொந்தப் பட்டறை நடத்தும் பெண்மணி:

ஐயா எழுதியதை முழுமனதோடு ஏற்கிறேன். வருமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரியவர்களின் தயக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நான் உதவியாளாகச் சேர்ந்து, கற்றுக்கொண்டே சம்பாதித்தேன். சிறிது சிறிதாகக் கருவிகள் சேர்த்துத் தனியே தொடங்கினேன். வாடிக்கையாளர்களை எனக்குச் சேர்த்துத் தந்தது விளம்பரம் அன்று. ஒருமுறை, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் நான்கு இக்னிஷன் காயில்களையும் மாற்றச் சொல்லி வேறொரு பட்டறை எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒருவர் வந்தார். காரின் கணினி பதிந்துவைத்த குறைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0303 என்று வந்தது. மூன்றாம் சிலிண்டர் மிஸ் ஃபயர் ஆகிறது, அதாவது அதில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்பது அதன் பொருள். மூன்றாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டி, முதலாவதன் காயிலை மூன்றாவதில் மாட்டி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். இப்போது பி0301 வந்தது. குறை காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டதால், கெட்டது அந்த ஒரே காயில்தான் என்பது உறுதியாயிற்று. அதை மட்டும் மாற்றி அனுப்பினேன். அதன்பின் அவருடைய உறவினர்கள் வண்டிகளும் என்னிடமே வருகின்றன. கண்டறியத் தெரிந்த, உண்மையாக நடந்துகொள்ளும் மெக்கானிக்கை மக்கள் எளிதில் விடுவதில்லை.

கேள்வி எழுப்பியவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. மின்சாரக் கார்கள் பெருகினால் இத்தொழில் நலிந்துவிடும் என்கிறார்களே, அது மெய்தானா?

30 ஆண்டு அனுபவம் உள்ளவர்:

ஸ்பார்க் பிளக்கும் இன்ஜின் ஆயிலும் அவற்றில் இல்லை என்பது மெய். பிரேக், சஸ்பென்ஷன், டயர், சக்கரம் சுழல உதவும் பேரிங், ஏசி ஆகிய அனைத்தும் இருக்கின்றன. பேட்டரியின் வெப்பநிலையைச் சீராக வைக்கும் குளிரூட்டும் அமைப்பும் இருக்கிறது. பல கார்களின் மின்னமைப்பு 400 வோல்ட் அளவிலும் சிலவற்றில் 800 வோல்ட் அளவிலும் இயங்குவதால், ஆரஞ்சு நிறக் கேபிள்களை முறையான பயிற்சியும் காப்புக் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது. கற்றுக்கொள்ளச் சலிக்காதவருக்கு வேலை கூடுமே அன்றிக் குறையாது என்பது என் உறுதியான கருத்து.

அக்கறையோடு ஒன்று சொல்கிறேன். முதுகும் முழங்காலும் தேயும் வேலை இது. பழைய ஆயிலை வெறுங்கையால் அளைய வேண்டாம். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் வைக்காமல், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம். தம்பியிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வேறு நாட்டில் குடியேறி வேலை செய்பவர்:

மொழி அறியாத நாட்டுக்கு நான் வந்தபோது என்னிடம் இருந்தது இந்தக் கைத்தொழில் ஒன்றே. முதல் நாள் பட்டறைத் தலைவர் என்னை ஒரு காரில் ஏற்றி ஓட்டிக் காட்டினார். வேகம் கூடக் கூட ஓர் உறுமல் எழுந்தது. அவர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பியபோது அது வலுத்தது, வலப்பக்கம் திருப்பியபோது தணிந்தது. இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலச் சக்கரங்களின் மேல் சாயும் என்பதை எந்த மொழியிலும் விளக்க வேண்டியதில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன் வலச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். பேரிங் தளர்ந்து சக்கரம் லேசாக அசைந்தது. அவர் தாமும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தம் கருவிப் பெட்டியின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.