"மூச்சு இழுக்குது, உயிர் இருக்கு": சிபிஆர் தெரியாத கூட்டத்தில் நடக்கும் தவறுகள்

முதலுதவிப் பயிற்சியாளர்

கல்யாண மண்டபத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ ஒருவர் சடாரென்று சரிந்தால் நம் ஊரில் நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். கை கால் வெட்டினால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். கூட்டத்தில் யாராவது "மூச்சு இழுக்குது, உயிர் இருக்கு" என்பார். ஆபத்தே அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. இதயம் நின்றவருக்கு அப்போது தேவைப்படுவது சிபிஆர், அதாவது மார்பைக் கையால் விடாமல் அழுத்தி ரத்தத்தை ஓட வைப்பது.

இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் வாய் திறந்து திறந்து மூடும். குறட்டை மாதிரி, கரையில் போட்ட மீன் மாதிரி, விட்டு விட்டு ஓர் இழுப்பு வரும். அது சுவாசம் இல்லை. மூளைத்தண்டு கடைசியாகச் செய்து பார்க்கும் முயற்சி. "இழுத்துக்கிட்டுக் கிடக்கு" என்று தமிழில் இதற்குச் சொல்லே இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பற்றி அப்படிச் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. நடுத்தெருவில் விழுந்தவரிடம் அதே இழுப்பைப் பார்த்தால் மட்டும் மூச்சு என்று நம்பிவிடுகிறோம்.

கை கால் வெட்டுவதும் அப்படித்தான். மூளைக்கு ரத்தம் நின்றதும் சில நொடிகள் உடம்பு உதறலாம். சாவி எந்த வலிப்பையும் நிறுத்தாது. இங்கே பொன்னான ஒரு நிமிடத்தையும் தின்றுவிடும்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். மார்பும் வயிறும் சீராக ஏறி இறங்குகிறதா என்று 10 நொடிக்குள் பாருங்கள். அசைவில்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் தரையில் வைத்துவிட்டு மார்பை அழுத்தத் தொடங்குங்கள். நாடி பார்க்க வேண்டாம். பழக்கமில்லாதவர் விரலில் தன் நாடியே துடித்து ஏமாற்றும்.

ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்

அழுத்தும் முறையில் பார்க்கும் தவறுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, மெத்தை. கட்டிலில் வைத்து அழுத்தினால் பாதி அழுத்தம் பஞ்சுக்குப் போகும். தரையில் இறக்குங்கள்.

கை வைக்கும் இடம் மார்பின் நடு, மார்பெலும்பின் கீழ்ப்பாதி. பலர் "இதயம் இடப்பக்கம்" என்று இடது மார்பில் அழுத்துகிறார்கள். அங்கே விலா எலும்புதான் உடையும், ரத்தம் ஓடாது. ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி எலும்பின்மேல், அதன்மேல் மற்றொரு கை, விரல்கள் கோத்து. முழங்கையை மடக்காமல், உங்கள் தோள் அவர் மார்புக்கு நேர் மேலே வர வேண்டும். புஜ பலத்தில் அழுத்தினால் ஒரு நிமிடத்தில் சோர்ந்துவிடுவீர்கள். இடுப்பிலிருந்து உடல் எடையை இறக்க வேண்டும்.

ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுதாக மேலே வர விடுங்கள். களைப்பில் மார்பின்மேல் சாய்ந்தபடியே அழுத்துவது அடிக்கடி நடக்கும். மார்பு எழும்பினால்தான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பும். இல்லாவிட்டால் காலிப் பம்பை அடித்த கதைதான்.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இங்கே ஒரு தமிழ்ச் சிக்கல் உண்டு. ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணும்போது வேகம் சரியாக இருக்கும். "இருபத்தேழு, இருபத்தெட்டு" வந்ததும் சொல் நீண்டு, கையும் மெதுவாகிவிடும். பத்துப் பத்தாக மூன்று முறை எண்ணினால் 30. போனில் மெட்ரோனோம் ஆப் (சீராகத் தாளம் தட்டுவது) இருந்தால் 110-இல் வையுங்கள்.

2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். உங்களுக்குக் களைப்புத் தெரியும் முன்பே ஆழம் குறைந்திருக்கும்.

இதய சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

"டாக்டர் வரட்டும்" என்று நிற்பவர்களுக்கு ஒரு கணக்கு. சிபிஆர் இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் சரிகிறது. 4 முதல் 6 நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கும். சென்னை டிராஃபிக்கில் அந்த நேரத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்தால் அது அதிர்ஷ்டம். கையால் அழுத்துவது இயல்பான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் தரும். ஆனாலும் மூளையைத் தாக்குப்பிடிக்க வைப்பது அதுதான்.

டென்மார்க் 2005-இல் பள்ளிகளில் சிபிஆரைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு ஓட்டுநர் உரிமம் எடுப்பவர்களுக்கும். அங்கே பக்கத்தில் இருந்தவர்கள் சிபிஆர் செய்த விகிதம் 2001-இல் ஏறக்குறைய 21 சதவீதம், 2010-இல் 45. அதே காலத்தில் 30 நாள் பிழைத்திருந்தவர்கள் 3.5-இலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தார்கள். (அதற்குச் சிபிஆர் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை.) 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தபோதும் உடனே தொடங்கிய மார்பு அழுத்தமும் மின் அதிர்ச்சியும்தான் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தன.

வயதானவர்களுக்கு விலா எலும்பு "மடக்" என்று முறியலாம். கை நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடருங்கள். விலா கூடிவிடும்.

கேள்வி

108 வர நேரமாகும், ஆஸ்பத்திரி 2 கிலோமீட்டர்தான் என்றால் ஆட்டோவில் ஏற்றிவிடலாமா?

ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்

ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றால் வேண்டாம். ஆட்டோ சீட்டில் ஆளை மல்லாக்கப் படுக்க வைக்கவே இடமில்லை. தூக்கி, மடக்கி, ஏற்றி முடிக்க 2 நிமிடம். பயணம் முழுக்க அழுத்தம் பூஜ்யம். அழுத்தி அழுத்தி ஏற்றிய ரத்த அழுத்தம் கை எடுத்த நொடியில் விழுந்துவிடும். மறுபடி ஏற்றப் பல அழுத்தங்கள் வேண்டும். அந்த ஆட்டோக்காரரைத் தெருமுனைக்கு அனுப்பி ஆம்புலன்ஸுக்கு வழி காட்டச் சொல்லுங்கள். இன்னொருவர் கேட்டைத் திறந்து, லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி வைக்கட்டும்.

அவசரப் பிரிவு மருத்துவர்

வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குபவர்கள் ஊத வேண்டாம். திடீரென்று விழும் வயதுவந்தவர்களின் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு ஆக்ஸிஜன் இருக்கும். இந்திய உயிர்மீட்புக் குழு 2017-இல் பொதுமக்களுக்கென வகுத்த முறையே அழுத்தம் மட்டும்தான்.

விதிவிலக்கு கிணறு, குளம், கடல். மூழ்கியவருக்கு ஆக்ஸிஜன் தீர்ந்துபோய்த்தான் இதயம் நின்றிருக்கும். அவருக்கு முதலில் மூச்சு ஊதி, பிறகு 30 அழுத்தம், 2 ஊதல். குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். கைக்குழந்தைக்கு இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரு கட்டைவிரலால் 4 செ.மீ. ஆழம், ஊதும்போது உங்கள் கன்னத்தில் அடங்கும் காற்று மட்டும். மின்சாரம் தாக்கியவரை, மெயினை அணைக்கும் முன் தொடாதீர்கள்.

முதலுதவிப் பயிற்சியாளர்

பொது இடத்தில் விழும் பெண்களுக்குச் சிபிஆர் கிடைப்பது ஆண்களைவிடக் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழுத்துவதற்குப் புடவையையோ ரவிக்கையையோ விலக்கத் தேவையில்லை. ஏஇடி கருவி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் பெட்டி) கிடைத்தால்தான் அதன் ஒட்டும் பேடு நேராகத் தோலில் ஒட்ட வேண்டும்: ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். இரண்டு பெண்கள் ஒரு புடவையை மறைப்பாகப் பிடித்தால் போதும். தாலிச் செயினைக் கழற்ற வேண்டாம், பேடில் படாமல் ஒதுக்குங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். அதன்பின் கருவியே பேசும், சொன்னபடி செய்யலாம். ஷாக் கொடுத்ததும் "எழுந்துவிட்டாரா" என்று பார்த்து நிற்காமல் உடனே மறுபடி அழுத்த வேண்டும்.

ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்

இன்னொன்று. சைரன் கேட்டதும் பலர் கையை எடுத்துவிடுகிறார்கள். வண்டி தெருமுனையில் இருக்கும். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏற இன்னும் 2, 3 நிமிடம் ஆகும். ஆள் தானாகச் சீராக மூச்சு விட ஆரம்பித்தால் நிறுத்தி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் எங்களில் ஒருவர் உங்கள் பக்கத்தில் மண்டியிட்டு "நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள்.